எதற்கு நேர்?



கோவில்பட்டி வழியாகக் கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், டயர்க் கடைகளின் முகப்பில் "வீல் அலைன்மெண்ட்" என்ற பலகையை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். சக்கரங்களை நேர்பிடித்தல் என்பதே அதன் பொருள். அதே ஊரில் கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுச் சுவரின் நேர் பார்க்கிறார். வைத்தியர் முறிந்த எலும்பை நேர்பிடித்துக் கட்டுப் போடுகிறார். தீப்பெட்டி ஆபீசில் குச்சிகளைக் கட்டையில் வரிவரியாக அடுக்கி நேராக்குகிறார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் செய்யுளை அலகிட்டு, "நேர், நிரை" என்று சொல்லிக் கொடுக்கிறார். அரசியல் பேசுவோர், 1961-ஆம் ஆண்டு பெல்கிரேடு நகரில் முதல் மாநாடு கூட்டிய அணிசேரா நாடுகளைப் பற்றிப் பேசுகிறார்கள். இப்பொழுதோ, மனிதரைப் போலப் பதில் சொல்லும் கணிப்பொறிகளை மனிதரின் நோக்கத்துக்கு இசைவாக நடத்துவது எப்படி என்று விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள். அந்த ஆராய்ச்சிக்கும் "அலைன்மெண்ட்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இத்தனை தொழிலிலும் ஒரே சொல் புழங்குகிறதே, இவர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் சொல்லுகிறார்களா? கிறிஸ்தவனாகிய எனக்கும் உங்களுக்கும் இதில் கற்றுக்கொள்ள ஏதேனும் உண்டா? உண்டென்றே நினைக்கிறேன். ஏனெனில் நம் தமிழில் நேர் என்ற சொல்லிலிருந்துதான் நேர்மை என்ற சொல்லும் பிறந்தது. ஒருவனை நேர்மையானவன் என்று சொல்லும்போதெல்லாம், கொத்தனாரின் சொல்லையே அவன் ஆத்துமத்துக்கும் நாம் வழங்குகிறோம்.

முதலாவது கவனிக்க வேண்டியது இது. நேர் என்பது ஒரு பொருள் தன்னந்தனியாக நின்று அடையக்கூடிய குணமன்று. லாரியின் ஒரு சக்கரத்தை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, இது நேராக இருக்கிறதா என்று கேட்டால் எந்த மெக்கானிக்கும் சிரிப்பார். மற்றச் சக்கரங்களுக்கும் வண்டியின் போக்குக்கும் அது நேராக இருக்கிறதா என்றே பார்க்க முடியும். ஆகவே நேர் என்று ஒருவர் சொன்னால், "எதற்கு நேர்?" என்று உடனே கேட்க நமக்கு உரிமை உண்டு. இந்தக் கேள்வியைக் கேட்க மறந்தபோதெல்லாம் மனிதர் பெருந்தவறு செய்திருக்கிறார்கள்.

நமது கரிசல் நிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கிறவன் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று, மேட்டிலிருந்து பள்ளத்துக்குக் கோடு போட்டாற்போல் ஒருவன் உழுகிறான். சால் அத்தனையும் நேர். ஐப்பசியில் ஒரு பெருமழை வந்தால் அந்த நேரான சால்களே வாய்க்கால்களாகி, மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடையில் சேர்த்துவிடும். விவரமறிந்த சம்சாரி சரிவுக்குக் குறுக்கே உழுவான். நிலம் வளைகிற இடத்தில் அவன் சாலும் வளையும். ஆனால் ஒவ்வொரு சாலும் தண்ணீரைத் தடுத்து நிறுத்தி மண்ணுக்குள் இறங்கச் செய்யும். 1901-ஆம் ஆண்டிலிருந்து நம் கோவில்பட்டியில் இயங்கிவரும் விவசாய ஆராய்ச்சி நிலையத்தைப் போன்ற இடங்களில், மானாவாரி நிலத்துக்குச் சொல்லப்படும் பாடங்களில் இது முக்கியமான ஒன்று. கண்ணுக்கு நேராய்த் தோன்றியது மண்ணுக்குக் கோணல். கண்ணுக்குக் கோணலாய்த் தோன்றியது மண்ணுக்கு நேர். எதற்கு நேர் என்ற கேள்வியே இரண்டையும் பிரித்துக் காட்டியது.

இருப்புப்பாதையும் இதையே சொல்லும். வளைவு வரும் இடத்தில் இரண்டு தண்டவாளங்களையும் சமமட்டமாகப் போடுவதில்லை. வெளித் தண்டவாளத்தைச் சற்று உயர்த்தியே போடுவார்கள். ஓடுகிற வண்டி புரண்டுபோகாதிருக்க அதுவே சரியான மட்டம்.

அடுத்தபடியாக நம் ஊருக்குச் சோறு போடும் தீப்பெட்டித் தொழிலைப் பாருங்கள். மரக்குச்சிகளைப் பள்ளம் வெட்டிய கட்டைகளில் ஒவ்வொன்றாக வைத்து, கட்டைமேல் கட்டையாக அடுக்கிச் சட்டத்தில் இறுக்குகிறார்கள். பிறகு சட்டத்தோடு மருந்தில் முக்கி எடுக்கிறார்கள். ஒரு குச்சி முன்னே நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கு மருந்து அதிகமாகிவிடும். உள்ளே அடங்கிவிட்டால் அதற்கு மருந்தே கிட்டாது. ஆகையால் எல்லாக் குச்சியும் ஒரே அளவில் நிற்பது அவசியம். இந்த ஒழுங்கில் குற்றமொன்றும் இல்லை. வரிசையும் கட்டுப்பாடும் இல்லாமல் எந்தத் தொழிலும் நடவாது. எந்தக் குடும்பமும் எந்தப் பங்கும் நடவாது.

ஆனால் அந்தக் குச்சிகளை அடுக்கிய விரல்கள் யாருடையவை? பல்லாண்டு காலம் இந்த வட்டாரத்தில் அவை பெரும்பாலும் சிறு பிள்ளைகளின் விரல்களாகவே இருந்தன. சின்ன விரல் வேகமாக அடுக்கும் என்று சொல்லி, விடியுமுன்னே ஊர் ஊராகப் பஸ் அனுப்பிப் பிள்ளைகளை ஏற்றிவந்தார்கள். 1986-ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளைக் குறித்துத் தொடரப்பட்ட வழக்கில் 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முந்திய காலத்தில், தொழில் முழுவதும் ஒழுங்காக நடப்பதாகவே எல்லாரும் எண்ணினார்கள். குச்சி நேராக இருந்தது; கூலிக் கணக்கும் நேராக இருந்தது; பிள்ளையின் வாழ்வு மட்டும் கோணிப்போயிற்று. வரிசை சரியாக இருக்கிறது என்று பார்த்தவர்கள், அந்த வரிசை எதற்காக என்று பார்க்கவில்லை.

மரக்குச்சியை அடுக்கினால் அடுக்கிய இடத்தில் இருக்கும். மனிதனுக்கோ புத்தியும் மனதும் உண்டு. அவனும் வரிசையில் நிற்கலாம், நிற்கவும் வேண்டும்; ஆனால் அந்த வரிசை எங்கே போகிறதென்று கேட்கும் கடமையிலிருந்து அவனுக்கு விடுதலை கிடையாது. ஊரே இப்படித்தான் நடக்கிறது என்பது கடைசி நாளில் சர்வேசுரனுக்கு முன்பாகச் செல்லும் பதிலாகுமா?

இதற்கு வெகுதூரம் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊர் உண்டு. அங்கேதான் 1745-ஆம் ஆண்டு நீலகண்டன் என்பவர் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி வித்தியாசம் பாராமல் எல்லாரோடும் கலந்து பழகியதும் அவர்மேல் வந்த பகைக்கு ஒரு காரணமாயிற்று. 1752-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஆரல்வாய்மொழிக்கருகே காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டு வேதசாட்சியானார். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில், பிற்காலத்தில் கட்டப்பட்ட கோவிலுக்குள், சாதிக்கொரு பக்கமாக விசுவாசிகளைப் பிரித்து நிறுத்தத் தடுப்பு இருந்தது. 1910-ஆம் ஆண்டில் அது அகற்றப்பட்டது. அகற்றியதை எதிர்த்துச் சிலர் வழக்காடினார்கள். வழக்குச் சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. தடுப்பைத் திரும்ப எழுப்ப வேண்டுமென்ற கோரிக்கைக்கு அங்கேயும் இடம் கிடைக்கவில்லை.

அந்தத் தடுப்பைக் கட்டிய கொத்தனார் தூக்குக்குண்டு விட்டே கட்டியிருப்பார். செங்கல் ஒன்றும் பிசகியிராது. இருபுறமும் ஜனங்கள் வரிசையாகவே முழந்தாட்படியிட்டிருப்பார்கள். சுவர் பூமிக்கு நேர், சுவிசேஷத்துக்குக் கோணல். 2022-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் தேதி ரோமையில் பிரான்சிஸ் பாப்பரசர் அந்த வேதசாட்சியை அர்ச்சியசிஷ்டர் வரிசையில் சேர்த்தபோது, சாதிப் பெயரில்லாமல் தேவசகாயம் என்றே அவர் அறிவிக்கப்பட்டார். திருச்சபை எந்த நேரைப் பார்த்து நிற்கிறது என்பதை அந்த ஒரு பெயரே சொல்லும்.

அப்போஸ்தலர்கள் காலத்திலேயே இந்தக் கேள்வி எழுந்தது. அந்தியோக்கியா நகரில் அர்ச். இராயப்பர் புறவினத்துக் கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் இருந்து உண்டுவந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து தனியே ஒதுங்கிக்கொண்டார். மற்றவர்களும் அவரைப் பார்த்து ஒதுங்கினார்கள். பர்னபாவும் அப்படியே செய்தார். அப்பொழுது எல்லாரும் ஒரே வரிசைதான்! அர்ச். சின்னப்பர் ஒருவர் மட்டும் எழுந்து, எல்லாருக்கும் முன்பாக இராயப்பரைக் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் இதை வாசிக்கலாம். அங்கே அவர் வழங்கும் கிரேக்கச் சொல்லுக்குக் காலை நேராக வைத்து நடத்தல் என்று பொருள். சுவிசேஷத்தின் உண்மைக்கு நேராக அவர்கள் நடக்கவில்லை என்பதே அவர் குற்றச்சாட்டு. எதைக் குறித்து அவர் இந்தச் சொல்லை எடுத்தார் என்று பாருங்கள்: யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதைக் குறித்து. பந்தியில் கோணினால் வேதத்தில் கோணியதாகும் என்று அவர் கண்டார்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழக்கூடும். "ஊரோடு ஒத்து வாழ் என்றுதானே பெரியோர் சொன்னார்கள்? ஆளாளுக்கு என் மனச்சாட்சி என்று சொல்லி வரிசையை விட்டு விலகினால் குடும்பம் என்னாகும், பங்கு என்னாகும்? ஆங்காரத்தால் விலகுகிறவனும் மனச்சாட்சி என்றுதானே சொல்லுவான்?" என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. பிடிவாதத்துக்கும் மனச்சாட்சிக்கும் வெளித்தோற்றம் சில சமயம் ஒன்றாகவே இருக்கும்.

இரண்டையும் பிரித்தறியத் தூக்குக்குண்டே நமக்கு இரண்டு வழி காட்டுகிறது. கொத்தனார் குண்டை விடும்போது அது சுவரில் இடிக்காதபடி பார்த்துக்கொள்வார். காற்றில் ஆடினால் ஆட்டம் நிற்கும்வரை பொறுத்திருப்பார். சுவரின்மேல் சாய்ந்த குண்டு சுவரின் கோணலையே நேரென்று காட்டும். மனச்சாட்சியும் அவ்விதமே. என் ஆசையில் அது சாய்ந்திருக்கிறதா, என் கோபத்தில் ஆடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஜெபம், திருச்சபையின் போதகம், நல்ல குருவானவரின் ஆலோசனை, சில நாள் பொறுமை இவைகளால் அது ஆட்டம் நின்று தொங்கும்.

இரண்டாவது வழி, விலை கொடுக்கிறவர் யார் என்று பார்ப்பது. ஆஸ்திரியா தேசத்தில் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் என்ற சாதாரண சம்சாரி இருந்தார். தம் ஊர்க் கோவிலில் கோவில்பிள்ளை வேலையும் பார்த்தவர். ஹிட்லரின் ஆட்சியில் பள்ளிக்கூடம், சங்கம், பத்திரிகை எல்லாம் ஒரே அணியில் நிறுத்தப்பட்ட காலம் அது. 1938-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு சேர்த்ததற்குச் சம்மதம் கேட்டு வாக்கெடுப்பு நடந்தபோது, அவர் கிராமத்தில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. பின்பு அநியாயமான யுத்தத்தில் ஆயுதமெடுக்க மாட்டேன் என்றார். மனைவியும் மூன்று பெண்பிள்ளைகளும் உள்ளவர் நீர், யோசித்துப் பாரும் என்று குருக்களும் உறவினரும் புத்தி சொன்னார்கள். அவர் யோசித்தார், ஜெபித்தார், இணங்கவில்லை. 1943-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் தேதி சிரச்சேதம் செய்யப்பட்டார். 2007-ஆம் ஆண்டு திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. அவர் வரிசையை விட்டு விலகியதன் விலையை அடுத்தவன் தலையில் சுமத்தவில்லை, தாமே கொடுத்தார். அவருடைய குடும்பமும் அவரோடு பாடுபட்டது. கோவிலுக்குள் தடுப்பு எழுப்பியவர்களும் தங்கள் வழக்கம், தங்கள் உரிமை என்றுதான் சொன்னார்கள். ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் தடுப்புக்கு மறுபுறம் நின்றவர்கள். என் கொள்கைக்காக யார் வருத்தப்படுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால், பெரும்பாலும் மனச்சாட்சியும் ஆங்காரமும் பிரிந்து நிற்கும்.

தூக்குக்குண்டில் இன்னொரு அதிசயமும் உண்டு. குண்டு எங்கே விட்டாலும் நூல் பூமியின் மத்தியை நோக்கியே நிற்கும். பூமி உருண்டையாயிருப்பதால், நம்மூர்ச் சுவரும் கன்னியாகுமரிச் சுவரும் தத்தம் இடத்தில் முற்றும் நேராக இருந்தும், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ ஒரு பாகை சாய்ந்தே நிற்கின்றன. ஒன்றைப் பார்த்து மற்றதைக் கட்டவில்லை; இரண்டும் ஒரே மத்தியைப் பார்த்துக் கட்டப்பட்டன. எல்லாரும் ஒரே மாதிரி இருப்பதுதான் ஒற்றுமை என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஆறாம் நூற்றாண்டில் காசா நாட்டில் வாழ்ந்த தொரோத்தேயு என்னும் துறவி இதே கருத்தை ஒரு வட்டத்தால் விளக்கினார். மத்தியில் சர்வேசுரன், சுற்றிலும் மனிதர். மத்தியை நோக்கி எவ்வளவு நெருங்குகிறார்களோ அவ்வளவுக்கு ஒருவரையொருவரும் நெருங்குகிறார்கள் என்றார். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஒட்டும் தாயும், ரோமையில் வேதசாஸ்திரம் படிக்கும் குருவும் ஒரே சாயலாக இருக்க வேண்டியதில்லை. இருவர் நூலும் ஒரே மத்தியைக் காட்டினால் போதும்.

கணிப்பொறியைப் பற்றி முதலில் சொன்னேன். 1960-ஆம் ஆண்டிலேயே நார்பர்ட் வீனர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் ஓர் எச்சரிக்கை எழுதினார். நடுவில் கைவைத்துத் தடுக்க முடியாத இயந்திரத்துக்கு ஒரு நோக்கத்தைக் கொடுக்கும்போது, நாம் கொடுத்த நோக்கம் நாம் மெய்யாகவே விரும்பியதுதானா என்று நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். இயந்திரம் சொன்னதைச் செய்யும், நினைத்ததைச் செய்யாது. 2024-ஆம் ஆண்டு ஜூனில் பிரான்சிஸ் பாப்பரசர் இத்தாலியில் கூடிய ஏழு நாட்டுத் தலைவர்கள் முன் பேசியபோதும், மனிதர் உயிரைப் பற்றிய தீர்மானத்தை இயந்திரத்தின் கையில் விடலாகாது என்று வற்புறுத்தினார்.

பெற்றோரே, இது உங்களுக்கும் பொருந்தும். "முதல் மார்க் வாங்கு" என்று மட்டும் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தால், பிள்ளை எப்படியாவது முதல் மார்க் வாங்கப் படித்துக்கொள்ளும். நீங்கள் விரும்பியது நல்ல மனிதனை, கேட்டதோ மார்க்கை. கடையில் எடை குறைத்துக் கொடுத்துவிட்டு வீட்டில் பொய் சொல்லாதே என்றால், பிள்ளை வாய்ச்சொல்லுக்கு நேராக வளராது. தராசுக்கு நேராகவே வளரும்.

நேர் என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னும் ஒரு பொருள் உண்டு. நேர்தல் என்றால் உடன்படுதல். அதிலிருந்தே நேர்ச்சையும் நேர்த்திக்கடனும் வந்தன. ஆகஸ்ட் 15-ஆம் தேதி பரலோகமாதா திருநாளுக்கு நீங்கள் நேர்த்திக்கடன் செலுத்தப் போகும் காமநாயக்கன்பட்டியில்தான், 1710-ஆம் ஆண்டு இந்தியா வந்த வீரமாமுனிவர் தம் ஆரம்ப நாட்களில் ஊழியம் செய்தார். அக்காலத்து ஏட்டில் எகரத்தையும் ஏகாரத்தையும் பிரித்துக் காட்டிய புள்ளி பெரும்பாலும் விடுபட்டுப்போகும். வாசிப்பவர் ஊகித்தே வாசிக்க வேண்டும். அந்தத் தடுமாற்றம் நீங்க இரட்டைக் கொம்பை வழக்கில் கொண்டுவந்தவர் அவர். "நேர்" என்று நாம் எழுதும்போது முன்னே நிற்கும் இரட்டைக் கொம்பு அவருடைய கொடை.

நேர்தல் என்றால் உடன்படுதல் என்பதை மறவாதீர்கள். குச்சியைப் பிறர் நேராக்குகிறார்கள்; மனிதன் தானே உடன்பட்டு நேராகிறான். தேவமாதா கபிரியேல் சம்மனசுக்குச் சொன்ன மறுமொழி அத்தகைய உடன்பாடு. நம்மைக் கட்டையில் வைத்து இறுக்கச் சர்வேசுரன் சித்தங்கொள்ளவில்லை. நம் சம்மதத்தைக் கேட்டு நிற்கிறார்.

நிமிர்வது வலியில்லாத காரியம் என்று நான் சொல்லவில்லை. கோணலாகக் கூடிவிட்ட எலும்பை நேராக்க, வைத்தியர் சில சமயம் அதைத் திரும்ப முறிக்க நேரிடும். பச்சாத்தாபம் அவ்வகை வைத்தியம். ஆனால் வைத்தியர் யார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 13-ஆம் அதிகாரத்தில், பதினெட்டு வருஷம் கூனியாயிருந்த ஒரு பெண்ணைச் சேசுநாதர் ஜெபக்கூடத்தில் காண்கிறார். அவள் கேட்குமுன்னே அவரே அவளை அழைத்து, கையை வைத்து நிமிர்த்துகிறார். ஓய்வுநாளில் இதைச் செய்தாரே என்று ஜெபக்கூடத் தலைவன் கோபங்கொண்டான். அவன் ஒழுங்கு தவறாமல் நின்றான். அவள் நிமிர்ந்து நின்றாள்.

ஆகையால் இந்த வாரம் ஒரு சிறு ஆத்துமசோதனை செய்யுங்கள். என் தராசு எதற்கு நேர்? என் வீட்டுக் கலியாணப் பந்தியில் எல்லாரும் ஒரே வரிசையில் உட்காருகிறார்களா, அல்லது யாருக்காவது இலை தனியே விழுகிறதா? நம் கல்லறைத் தோட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத கோடு ஏதேனும் ஓடுகிறதா? நான் வேலை வாங்குகிறவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா? ஊர் ஒத்துக்கொள்கிறது என்பதற்காக மட்டும் நான் ஒத்துக்கொண்ட அநியாயம் எது?

பதில் கிடைத்ததும், ஒரே ஒரு கோணலையாவது நேராக்கத் தீர்மானம் செய்து, சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வாருங்கள். சக்கரம் சற்றே பிசகிய லாரி அன்றைக்கே நின்றுவிடாது. ஓடிக்கொண்டேதான் இருக்கும், டயர் மட்டும் ஒருபக்கமாகத் தேய்ந்துகொண்டே வரும். நம் ஆத்துமமும் அப்படித் தேய்ந்துபோகுமுன் நேர் பார்த்துக்கொள்ள, கோவில்பட்டிப் பங்கின் பாதுகாவலரும், தச்சு வேலையில் நூல் பிடித்து நேர் பார்த்தவருமான அர்ச். சூசையப்பர் நமக்குத் துணையாயிருப்பாராக.